கல்லிலிருந்து துணிக்கு: பல்லவர் கால நாடகத்துக்கு உடை அமைத்தல்

பல்லவர் காலக் கதையை மேடையேற்ற முடிவு செய்ததும் பெரும்பாலான குழுக்கள் முதலில் போவது வாடகை உடைக் கடைக்கு. அங்கே தொங்குவது ‘ராஜபார்ட்’ உடை: வெல்வெட் மேல்சட்டை, சரிகை வேலை, முத்துச்சரம், ஜிகினா ஒட்டிய கிரீடம். பார்சி நாடகக் கம்பெனிகளின் பாதிப்பில் தமிழ் மேடைக்கு வந்து, பாய்ஸ் கம்பெனிகளில் ஊறி, சினிமாவிலும் காலண்டர் படங்களிலும் நிலைத்துப்போன உடை அது. அரிச்சந்திரனுக்கும் அசோகனுக்கும் மாமல்லனுக்கும் அதே உடைதான். கம்பெனி நாடகத்தின் காலத்தைக் காட்ட அதைவிடப் பொருத்தமானது கிடையாது. 7-ஆம் நூற்றாண்டைக் காட்ட அது உதவாது.

செங்கல்பட்டு வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழி பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்து அரசர், அரசியர், முனிவர், வேடர், இடையர் எல்லோரும் அந்தக் காலத்துச் சிற்பிகளின் கையாலேயே பாறையில் செதுக்கப்பட்டு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, கல் சொல்லாமல் விட்டதை மற்ற சான்றுகளால் நிரப்புவது, பிறகு அதை நடிகர் உடம்புக்கு ஏற்றபடி கட்டுவது ஆகிய மூன்று வேலைகளையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது. வேலை முழுவதும் ஒரு விதியை மறக்க வேண்டாம்: காலத்தை நம்பவைப்பது முதலில் துணி உடம்பில் நிற்கும் விதம். நகையும் மகுடமும் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆட்சியைக் குறித்துக்கொள்ளுங்கள்

‘பல்லவர் காலம்’ என்று பொதுவாகத் தொடங்கினால் வேலை குழம்பும். நாடகம் முதலாம் மகேந்திரவர்மன் காலமா (7-ஆம் நூற்றாண்டின் முதல் 30 ஆண்டுகள்), அவன் மகன் மாமல்லன் நரசிம்மவர்மன் காலமா (சுமார் 630 முதல் 668 வரை), ராஜசிம்மன் காலமா (8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) என்று எழுதிவையுங்கள். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலை நாடகமாக்கினால் முதல் இரண்டும் சேர்ந்து வரும்.

அடுத்தது, எதைப் பார்க்கக் கூடாது என்பது. சோழர் செப்புத் திருமேனிகள் குறைந்தது 200 ஆண்டு பிந்தியவை. பரதநாட்டிய மேடையின் கெம்பு நகையும் கொசுவ விசிறியும் இன்னும் வெகுகாலம் பிந்தியவை. சித்தன்னவாசல் ஓவியங்களை ஒரு காலத்தில் மகேந்திரவர்மனோடு இணைத்துப் பேசினார்கள். இப்போது அவை 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக இவற்றைக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

எங்கே போய் எதைப் பார்ப்பது

*வல்லம்.* செங்கல்பட்டு நகரை ஒட்டியுள்ள இந்தக் குன்றில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இருக்கிறது. அவனுக்குக் கீழ்ப்பட்ட கந்தசேனன் குடைவித்தது என்று கல்வெட்டு சொல்கிறது. தடி ஊன்றி நிற்கும் வாயிற்காவலர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். அரண்மனைக் காவலன், படைத்தலைவன் வேடங்களுக்கு இடுப்புக் கட்டும் நிற்கும் தோரணையும் இங்கே கிடைக்கும்.

*ஆதிவராகக் குடைவரை, மாமல்லபுரம்.* அரச உடைக்கு இதுவே முதன்மைச் சான்று. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்ப் பொறிப்புகளோடு இரண்டு அரச குடும்பங்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. ஓர் அரசன் அமர்ந்திருக்க இரு தேவியர் பக்கத்தில் நிற்கிறார்கள். மற்றவன் நின்றபடி தேவியின் கையைப் பிடித்துக் கருவறைப் பக்கம் சுட்டிக்காட்டுகிறான். வழிபாடு நடக்கும் இடம் என்பதால் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். படமெடுக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். வரைபுத்தகம் கையில் இருக்கட்டும்.

*தர்மராஜ ரதம்.* தென்புறத்தில் கீழ்நிலையில் நிற்கும் உருவம் நரசிம்மவர்மனுடையது என்று கருதப்படுகிறது. அதே ரதத்தில் உள்ள கடவுளர் உருவங்களோடு ஒப்பிட்டு, கடவுளுக்கு என்னென்ன கூடுகிறது, அரசனுக்கு என்னென்ன குறைகிறது என்று பட்டியல் போடுங்கள். மேடையில் அரசனைக் கடவுளாக்கிவிடாமல் தடுப்பது இந்தப் பட்டியல்தான்.

*அர்ச்சுனன் தபசு.* கிழக்கு நோக்கிய பாறை. முற்பகலில் வெயில் சாய்ந்து விழும்போது வெட்டுக்கோடுகள் தெளிவாகத் தெரியும். மேலே வேடர்கள். கீழே சிறு கோவிலை ஒட்டி முனிவர்கள். ஆற்றோரத்தில் ஒருவர் நனைந்த துணியை முறுக்கிப் பிழிகிறார். உடுத்திய துணியைத் தனியாகக் கையில் எடுத்துக் காட்டும் சிற்பம் என்பதால் உடை அமைப்பாளர் இவரிடம் அதிக நேரம் நிற்கலாம்.

*கிருஷ்ண மண்டபம்.* கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கும் காட்சி. பால் கறப்பவன், குழல் ஊதுபவன், தலையில் சுமையோடு போகும் பெண் என்று ஊர் மக்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். கூட்டக் காட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி இந்தக் கடற்கரையில் இல்லை. மண்டபத்தின் தூண்கள் பிற்காலத்தவை. பாறைச் சிற்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*மகிஷாசுரமர்த்தினி குடைவரை.* கலங்கரை விளக்கத்துக்கு அருகில். சிங்கத்தின் மேல் வரும் துர்க்கை மார்பில் கச்சு கட்டியிருக்கிறாள். பெண் வேடங்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கடற்கரைக் கோவிலை உடைக் குறிப்புக்காகத் தேடிப் போக வேண்டாம். உப்புக்காற்று அரித்ததில் நுட்பங்கள் பெரும்பாலும் மழுங்கிவிட்டன.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

ஒவ்வோர் உருவத்தின் முன்னும் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்:

1. இடுப்பாடை தொப்புளுக்கு எவ்வளவு கீழே தொடங்குகிறது?
2. அதன் கீழ்விளிம்பு எங்கே முடிகிறது? துணி மெல்லியதாகச் செதுக்கப்பட்டிருந்தால் கணுக்காலருகே ஒரே ஒரு கோடுதான் தெரியும். அதைத் தவறவிட்டால் துணியே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.
3. இடைக்கச்சை எந்தப் பக்கம் முடிச்சுப் போட்டிருக்கிறது? வளைந்து தொங்கும் பகுதி தொடைக்கு மேலா, முழங்கால் வரையா?
4. தலையில் மகுடமா, சடையா, முடிச்சுப் போட்ட கொண்டையா?
5. காது, கழுத்து, தோள், வயிறு, மணிக்கட்டு: எங்கே நகை இருக்கிறது, எங்கே இல்லை?

ஐந்தாம் கேள்வியில் ‘இல்லை’ என்ற விடைதான் அதிகம் உதவும். இந்தச் சிற்பங்களில் மூக்குத்தி இல்லை, செருப்பு இல்லை, தைத்த ரவிக்கை இல்லை. இந்த மூன்றையும் நடிகர்களிடமிருந்து கழற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். மூக்குத்தியைக் கழற்ற முடியாத நடிகைக்குத் தோல் நிறப் பூச்சால் அதை மறைத்துவிடலாம்.

கல் சொல்லாதவை

கல்லில் நிறம் இல்லை. துணியின் வகையும் தெரியாது. அதற்கு யுவான் சுவாங்கைக் கேட்கலாம். மாமல்லன் ஆட்சியில், 640-ஐ ஒட்டி, காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் அவர். இந்தியரின் உடையைப் பற்றிப் பொதுவாக எழுதும் இடத்தில், இங்கே துணியை வெட்டித் தைப்பதில்லை, தூய வெள்ளையையே விரும்புகிறார்கள் என்கிறார். ஆண்கள் துணியை உடலைச் சுற்றி வலது தோள் வெறுமையாக இருக்கும்படி அணிகிறார்கள், பெண்களின் ஆடை தோளை மூடித் தரைவரை தொங்குகிறது என்றும் குறிப்பிடுகிறார். பருத்தி, பட்டு, சணல்வகை நார்த்துணி, கம்பளி ஆகியவை அவர் சொல்லும் துணிகள். இது காஞ்சியை மட்டும் பற்றிய விவரம் அல்ல. ஆனாலும் சமகாலத்தவர் ஒருவரின் சாட்சி. சிற்பத்தில் பெண்களின் தோள் திறந்திருக்க, எழுத்தில் மூடியிருப்பதைக் கவனியுங்கள். மேடையில் பெண்களுக்கு மேலாடை போடுவது சரித்திரத்தைத் திரிப்பதாகாது என்பதற்கு இது போதும்.

நிறத்துக்கு விழுப்புரம் மாவட்டம் பனைமலையிலும் காஞ்சி கைலாசநாதர் கோவிலிலும் எஞ்சியிருக்கும் ராஜசிம்மன் கால ஓவியத் துண்டுகளைப் பாருங்கள். அவற்றின் மண் சார்ந்த வண்ணங்களே நம் தட்டு: காவி, மஞ்சள், இலைப்பச்சை, கருமை. ரோஸ், வாடாமல்லி, மின்னும் நீலம் ஆகியவை செயற்கைச் சாயங்களின் உலகத்தவை. அவற்றைத் தவிருங்கள்.

துணியும் சாயமும்

அடிப்படைத் துணிகள் மூன்று போதும். சாதாரண மக்களுக்குக் காடா. அரசர், அரசியர், செல்வருக்கு மல்மல் அல்லது மெல்லிய கைத்தறி வேட்டி. துறவிகளுக்குச் சற்றுத் தடித்த கைத்தறி. பாலியெஸ்டர் கலந்த துணி விளக்கில் பளபளக்கும், கொசுவம் நிற்காது. வாங்கும் முன் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும்.

வெள்ளைத் துணியை அப்படியே மேடையேற்ற வேண்டாம். எல்.இ.டி. விளக்கில் கண் கூசும், நடிகர் முகம் கறுத்துத் தெரியும். தேயிலை வடித்த நீரில் ஊறவைத்து அலசினால் பழுப்பு தட்டிய மென்வெள்ளை வரும். கடுக்காய் நீரில் தோய்த்த துணி, துருப்பிடித்த இரும்பு ஊறிய நீரில் பட்டால் சாம்பலிலிருந்து கருமை வரை போகும். ஏழைகளின் உடைக்கும் பைத்தியக்காரன் கந்தலுக்கும் அது பொருந்தும். மஞ்சள்தூளை நம்பாதீர்கள், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். சோழமண்டலக் கரையின் பழைய சிவப்பு, மணல் நிலத்தில் விளைந்த சாயவேரிலிருந்து வந்தது. இன்று அது கிடைப்பது அரிது. ஆகவே கடைச் சாயத்தில் செங்கல் சிவப்பைத் தேர்ந்து, அதில் துளி கறுப்பைக் கலந்து மங்க வையுங்கள். சாயம் போட்ட ஒவ்வொரு துணியையும் ஒத்திகைக்கு முன் இரண்டு முறையாவது துவைத்துவிடுங்கள்.

ஆண் வேடங்களுக்கு இடுப்பாடை

அரசனுக்கும் அமைச்சனுக்கும் எட்டு முழ வேட்டி, அதாவது சுமார் 3.6 மீட்டர். வேட்டியின் நடுப்பகுதியை இடுப்பின் பின்புறம் வைத்து, இரு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து தொப்புளுக்கு நான்கு விரல் கீழே முடிச்சிடுங்கள். இடப்பக்கம் எஞ்சியதைக் கொசுவிக் கால்களுக்கிடையே கொடுத்துப் பின்னால் செருகுங்கள். வலப்பக்கத்தைக் கொசுவி முன்னால் செருகுங்கள். அடியில் தோல் நிற அரைக்கால் சட்டையும், வேட்டி நழுவாமல் இருக்க அகன்ற பருத்தி நாடாவும் கட்டாயம். சரிகைக் கரை வேண்டாம். கரை தேவைப்பட்டால் செங்கல் சிவப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு அச்சிடலாம்.

அதன் மேல் வருவதே பல்லவச் சாயலின் உயிர்: இடைக்கச்சை. மூன்று மீட்டர் நீளம், ஒரு முழ அகலத் துணியை நீளவாக்கில் மடித்து, இடுப்பைச் சுற்றி, முன்னால் அரைவட்டமாகத் தொங்கவிட்டு, இரு பக்கமும் முடிச்சிட்டு முனைகளை விடுங்கள். நடிகர் நடக்கும்போது இந்த வளைவு அசைய வேண்டும். வேட்டியின் நிறத்திலிருந்து ஒரு படி அடர்த்தியாக இருந்தால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும்.

வேடனுக்கும் இடையனுக்கும் நான்கு முழத் துணி போதும். முழங்காலுக்கு மேலே தார்ப்பாய்ச்சிக் கட்டினால் ஓடவும் குந்தவும் சிரமம் இருக்காது. காவலருக்கு அதே குட்டை ஆடையும் பெரிய இடைக்கச்சையும்.

பூணூல் அணியும் வேடங்களில் ஒரு நுட்பம் உண்டு. பல்லவச் சிற்பங்கள் பலவற்றில் அது தடித்த பட்டையாக, வலது கையின் மேலாகச் செல்கிறது. ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கவே இந்த அடையாளத்தைப் பயன்படுத்துகிறார்கள். பருத்திக் கயிற்றைத் துணிப்பட்டையில் சுருட்டித் தைத்துச் செய்யுங்கள். கையை வேகமாக வீசும் நடிகருக்கு மட்டும் வழக்கமான முறையில் விட்டுவிடலாம்.

பெண் வேடங்கள்

கல்லில் இருப்பதை அப்படியே உடுத்த எந்த நடிகையையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. துர்க்கையின் கச்சு இங்கே வழிகாட்டும். பருத்திப் பட்டை ஒன்றை மார்பைச் சுற்றி முதுகில் முடிவதுபோல் தோன்றச் செய்யுங்கள். உள்ளே நன்கு பொருந்தும் தைத்த உள்ளாடையும் தோல் நிறத் தோள்பட்டையும் இருக்கட்டும். அவை வெளியே தெரியாவிட்டால் போதும். அதன் மேல் இரண்டரை மீட்டர் மல்மல் மேலாடை, ஒரு தோளையோ இரண்டையுமோ மூடியபடி. எந்த நடிகைக்கு எவ்வளவு மூடினால் நிம்மதி என்பதை அளவெடுக்கும் நாளிலேயே தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடையை நினைத்துக் கூசும் நடிகை தோளை ஒடுக்குவாள். ஆதிவராகத்துத் தேவியரின் நிமிர்வு அதோடு போய்விடும்.

இடுப்பாடைக்கு ஐந்தரை மீட்டர் சேலையை வாங்கி, முந்தானை இல்லாமல் வெட்டிக்கொள்ளலாம். தொப்புளுக்குக் கீழே கட்டி, முன்னால் மெல்லிய கொசுவம் வைத்து, மேகலையை இடுப்பெலும்பில் உட்கார வையுங்கள். பாவாடை உள்ளே புடைத்தால் உருவக்கோடு கெடும். இறுக்கமான பருத்திக் காற்சட்டை மேல்.

மகுடமும் நகையும்

மூன்று தலைகளைப் பிரித்துக்கொண்டால் போதும். அரசனுக்கு உயர்ந்த கிரீட மகுடம், தேவியருக்கு மேலே குறுகிச் செல்லும் சிறிய மகுடம், துறவிக்குச் சடை. செய்முறைக்கு ஃபோம் ஷீட் எளிது. கனமில்லை, கீழே விழுந்தாலும் உடையாது. தெர்மாகோல் விரிசல் விடும். தெருக்கூத்து நகைகளுக்குப் பயன்படும் கல்யாணமுருங்கை மரம் எடை குறைந்தது, நீடித்தும் உழைக்கும். அதில் வேலை செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் மகுடத்தை மரத்திலேயே செய்யலாம். கூத்துக் கட்டைகளின் கண்ணாடிச் சில்லுகளை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

தங்கப் பெயின்டை நேரே அடிக்காதீர்கள். முதலில் அடர்பழுப்பு. காய்ந்ததும் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் மங்கிய பொன்னிறத்தைத் தொட்டு, மேடான இடங்களில் மட்டும் தடவுங்கள். பள்ளங்களில் பழுப்பு நின்றால்தான் செதுக்கு வேலை தூரத்துக்குத் தெரியும்.

அரசனுக்குக் காதில் கனத்த குழை, கழுத்தில் அகன்ற ஓர் ஆரம், தோள்வளை, வயிற்றில் உதரபந்தம், கையில் வளை போதும். தேவிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். மாமல்லபுரக் கடைத்தெருவில் கிடைக்கும் சங்கு, சிப்பி வேலைகளில் வேலைப்பாடு இல்லாத வெறும் வளையல்களைத் தேர்ந்தால் ஊர்ப் பெண்களுக்கு ஆகும்.

ஒரு செயல்முறை: ‘மத்தவிலாசம்’

மகேந்திரவர்மனே எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம், ‘மத்தவிலாசப் பிரகசனம்’. 1917-இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி பதிப்பித்தார். கேரளத்துச் சாக்கையர் மேடையில் இன்றும் வாழ்கிறது. கதை நடப்பது காஞ்சித் தெருவில். குடிபோதையில் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒரு பௌத்தத் துறவிமேல் பழி போடுகிறான். அரசன் எழுதியதாக இருந்தும் மேடையில் அரசன் இல்லை, மகுடச் செலவும் இல்லை. சிறு குழுக்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

*காபாலிகன் சத்தியசோமன்:* சடை, உடல் முழுக்கச் சாம்பல், குட்டை ஆடை. காபாலிகரின் ஆறு அடையாளங்களைப் பிற்காலத்தில் ஆளவந்தார் தம் ‘ஆகமப் பிராமாண்யம்’ நூலில் குறிப்பிடுகிறார்: கழுத்தணி, மார்பணி, குண்டலம், தலைமணி, திருநீறு, பூணூல். எலும்பு நிறத்தில் இவற்றைச் செய்யுங்கள். விபூதியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, நன்றாகக் காயவிட்டு ஏற்றுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் எதிரே நிற்பவர் உடையெல்லாம் வெள்ளையாகும்.

*தேவசோமை:* அவன் துணைவி, அதே நெறியைச் சேர்ந்தவள். அரசியின் கச்சே இவளுக்கும், ஆனால் காடாவில். நகைக்குப் பதில் உருத்திராக்கமும் எலும்பு மணியும்.

*பௌத்தத் துறவி நாகசேனன்:* இவருடைய மேலாடைக்கு நாடகத்தில் வேலை இருக்கிறது. பிச்சைப் பாத்திரத்தை ஆடைக்குள் மறைப்பதால்தான் சந்தேகமே பிறக்கிறது. ஆகவே பாத்திரத்தை ஒரே வீச்சில் மூடும் அகலமும் கனமும் துணிக்கு இருக்க வேண்டும். இரண்டு வேட்டி அகலத்தை இணைத்துத் தைத்துக் காவி தோய்த்தால் சரியாக வரும். பாத்திரத்தின் நிறத்தை வைத்தே வாக்குவாதம் நடப்பதால் அது கறுப்பாகவும், கபாலம் வெளிர் நிறமாகவும் கடைசி வரிசை வரை தெரிய வேண்டும்.

*பாசுபதன் பாப்ருகல்பன்:* இவனும் சைவத் துறவிதான் என்பதால் காபாலிகனோடு குழம்பும். சாம்பலைக் குறைத்து, ஆடையை நீளமாக்கி, எலும்பை நீக்கி உருத்திராக்கம் மட்டும் கொடுங்கள்.

*பைத்தியக்காரன்:* நாயிடமிருந்து கபாலத்தை மீட்டவன். கடுக்காய்க் கருமை தோய்த்த கந்தல்களை அடுக்கடுக்காகக் கட்டுங்கள். கிழிசல் விளிம்புகளை உள்ளே மெல்லத் தைத்துவிட்டால் ஒவ்வொரு காட்சியிலும் மேலும் கிழியாது.

கடற்கரை மேடைக்கு

மாமல்லபுரத்து நாட்டிய விழா போலத் திறந்தவெளியில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஆடுவதானால் கடற்காற்றையும் பனியையும் கணக்கில் எடுங்கள். மேலாடை முனைகளில் சிறிய வாஷர்களைத் துணிக்குள் வைத்துத் தைத்தால் பறக்காது. இரும்பு ஊக்கு உப்புக்காற்றில் ஒரே இரவில் துருக்கறை விடும். பித்தளை ஊக்கு வாங்குங்கள். மகுடத்துக்குத் தாடைக்கு அடியில் வரும் தோல் நிற நாடா தேவை. வெறுங்கால் நடிகர்களுக்காக, திரை எழுவதற்கு முன் மேடையில் ஆணி, கம்பிச் சிதறல் இருக்கிறதா என்று ஒருவர் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

உடை ஒத்திகை

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பாவது முழு உடையில் ஒத்திகை வையுங்கள். ஒவ்வொரு நடிகரும் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ வேண்டும், ஓட வேண்டும், குனிந்து தரையைத் தொட வேண்டும், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். நழுவும் இடத்தை எல்லாம் குறித்து, அங்கே மட்டும் மறைவாக ஒரு தையல் போடுங்கள்.

பிறகு விளக்குகளைப் பாதியாகக் குறைத்து, கடைசி வரிசையிலிருந்து செல்போனில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து யார் அரசன், யார் காவலன், யார் துறவி என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் நகைப்பெட்டியைத் திறக்க வேண்டாம். ஆடையின் நீளத்தையும் இடைக்கச்சையின் வளைவையும் மாற்றிக் கட்டி, மறுபடியும் படம் எடுங்கள்.